கதிரைக்கு ஏன் இத்தனை வர்ணம்?

கேள்வி: 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துத் தளபாட வரைபடங்கள் சிலவற்றை இணையத்தில் பார்த்தேன். நீர்வர்ணத்தில் கதிரை, அலுமாரி, கட்டில் எல்லாம் வடிவாகத்தான் இருக்கின்றன, ஆனால் ஒரு கதிரைக்கு ஏன் இவ்வளவு மினக்கெட்டார்கள்? சிலது பாதியில் விட்ட மாதிரியும் கிடக்கிறது. இதில் என்னத்தை ரசிப்பது?
- வாசகி, கோண்டாவில்

பதில்: சுவரில் மாட்டக் கீறிய படமென்று பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பெரும்பாலும் இவை தளபாடம் செய்கிறவர் வாடிக்கையாளருக்கு முன்னால் விரித்த தாள்கள். அந்தக் காலத்துப் புகைப்படத்தில் நிறம் வராது, ஆகவே மரம் மகோகனிச் சிவப்பா முதிரை மஞ்சளா, மெத்தைக்கு எந்தப் பட்டு என்பதையெல்லாம் தூரிகையால்தான் காட்டவேண்டும். (முதிரை என்றால் எங்கள் வன்னிக் காட்டு முதிரையேதான், அது கப்பலேறி அங்கேயும் போனது.)

ஒரே கதிரையில் இடது கால் ஒரு மாதிரியும் வலது கால் வேறு மாதிரியும் இருந்தால் கீறியவர் பிழைவிட்டார் என்று நினைக்காதீர்கள். இரண்டு டிசைனை ஒரே தாளில் வைத்து "எது வேணும்?" என்று கேட்கிறார். ஒரு பாதியைக் கையால் மறைத்துப் பாருங்கள், பிறகு மற்றப் பாதியை. இரண்டு கதிரை தெரியும். பாதியில் விட்டதும் அப்படித்தான்: ஒரு பக்கத்துச் செதுக்கு வேலையை முழுதாய்த் தீட்டினால் மறுபக்கம் பென்சில் கோடே போதும், தச்சருக்கு விளங்கிவிடும்.

பொன்பூச்சுள்ள இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே அனேகமாகப் பொன் இருக்காது. மெல்லிய மஞ்சள், பள்ளங்களில் மண்ணிறம், மினுங்கவேண்டிய மேட்டில் ஒன்றும் பூசாமல் விட்ட தாளின் வெள்ளை, அவ்வளவுதான். எனக்கு அந்த வெள்ளையில்தான் ஆசை.

எல்லாமே அழகு என்று சொல்லமாட்டேன். 1851 லண்டன் பெருங்கண்காட்சிக் காலத்துக் கதிரைகள் சிலவற்றில் முதுகு சாய இடமில்லை, அவ்வளவு செதுக்கல். லண்டன் ஒக்ஸ்போர்ட் வீதியில் இருந்த சார்ள்ஸ் ஹிண்ட்லி நிறுவனத்தின் தாள்கள் நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலைத் தளத்தில் இருக்கின்றன, அங்கே தொடங்குங்கள்.

கேள்வி: வீட்டில் அப்பப்பாவின் சாய்மனைக் கதிரை இருக்கிறது. அதை இப்படிக் கீறலாமா?
- மாணவர், சுன்னாகம்

பதில்: தாராளமாக. பென்சிலில் அளவாகக் கீறி, வெளிர் நிறத்தை முதலில் பூசிக் காயவிட்டு, கடும் நிறத்தைக் கடைசியில் வையுங்கள். பிரம்புப் பின்னலில் ஒவ்வொரு ஓட்டையையும் கீற வெளிக்கிட்டால் விசர் பிடிக்கும். சட்டத்தை ஒட்டிக் கொஞ்சம் கீறிவிட்டு மிச்சத்தை மெல்ல மங்கவிடுங்கள்.