மூட்டில் நீர் கோப்பதற்குப் பிரஷர்தான் காரணமா?

அம்மாவுக்குப் பிரஷர் 160 இருக்கிறது, வலது முழங்காலில் நீர் கோத்திருக்கிறது, பிரஷரைக் குறைத்தால் வீக்கம் வற்றிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

கையில் பட்டை கட்டி அளப்பது பெரிய தமனியின் அழுத்தம். மூட்டுக்குள் நீரைத் தள்ளுவதோ அதன் உள்சவ்வில் ஓடும் தந்துகிகள் என்ற மிக மெல்லிய இரத்தக் குழாய்களின் அழுத்தம். இடையிலுள்ள நுண்தமனிகள் என்ற சிறு இரத்தக் குழாய்கள் சுருங்கி, மேலே ஏறும் பிரஷரைப் பெரும்பாலும் தந்துகிவரை விடுவதில்லை. தந்துகியின் தொடக்கத்தில் சுமார் 35 மி.மீ. பாதரச அழுத்தம் நீரை வெளியே தள்ளும். இரத்தத்திலுள்ள ஆல்புமின் முதலிய புரதங்கள் சுமார் 25 அளவுக்கு உள்ளே இழுத்துப் பிடிக்கும். இந்த இழுபறி சரியாக நடக்கும்வரை முழங்காலில் சில மில்லி திரவம்தான் இருக்கும்.

மூட்டில் அழற்சி வந்தால் அங்குள்ள நுண்தமனிகள் விரிந்து, தந்துகியில் அழுத்தம் கூடும். அதைவிட மோசம், தந்துகிச் சுவர் கசிந்து புரதமே மூட்டுக்குள் போய்விடும். போன புரதம் நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு காலில் மட்டும் என்கிறீர்கள், அதனால் தேய்மானம், அடி, யூரிக் அமிலம் இவற்றைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

அப்புறம், கணுக்காலை விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தால் அது மூட்டு நீர் அல்ல, தோலுக்கடியில் தேங்கிய நீர். அம்லோடிபின் போன்ற பிரஷர் மாத்திரையாலும் வரும். ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்தவே வேண்டாம். முழங்கால் சிவந்து சுட்டு, காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.