‘இட்’ எதைச் சுட்டுகிறது?

கேள்வி: உப்புவெளியில் விடுதியொன்றில் வேலை செய்கிறேன். வெளிநாட்டவர் பேசும் ஆங்கிலத்தில் ‘இட்’, ‘தே’ எதைக் குறிக்கின்றன என்று பிடிபடுவதேயில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, திருகோணமலை

பதில்: வினையைக் கவனியுங்கள், தங்கச்சி. ‘வீ டுக் எ போட் டு பிஜன் ஐலண்ட், பட் இட் வாஸ் குளோஸ்ட்’ என்றால் மூடியிருந்தது புறாத்தீவு. அதே இடத்தில் ‘இட் லீக்ட்’ என்று வந்தால், ஒழுகியது படகு. கடைசியாகக் காதில் விழுந்த பெயரையே பிடித்துக்கொள்வதால்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

‘இட்ஸ் ஹொட் டுடே’யில் ‘இட்’ எந்தப் பொருளையும் சுட்டாது. ‘தெயர்’, ‘தெம்’ இரண்டும் ‘தே’யின் வடிவங்கள்தான். ‘சம்வன் லெஃப்ட் தெயர் பேக்’ என்றால் பையை விட்டுப்போனவர் ஒருவர்தான். ஆணா பெண்ணா என்று தெரியாதபோது அப்படித்தான் சொல்வார்கள். வேகத்தில் ‘தெம்’ வெறும் ‘எம்’ ஆகிவிடும்: ‘டெல் எம்’.

சந்தேகமென்றால் கூச்சப்படாமல் ‘யூ மீன் த போட்?’ என்று பெயரைச் சொல்லியே கேளுங்கள்.