பாறணை இல்லாத பட்டினி

கேள்வி: என் மகளுக்கு 19 வயது, உயரம் 160 சென்ரிமீற்றர். ஏழு மாதங்களுக்கு முன் ஒரு கலியாண வீட்டில் உறவினர் ஒருவர் "நல்லாக் கொழுத்துப் போனாய்" என்று சொன்ன நாளிலிருந்து டயட் இருக்கிறாள். முதலில் சீனியை விட்டாள், பிறகு சோற்றை. இப்போது தேங்காய்ப்பால் சேர்ந்த எதையும் தொடுவதில்லை. 58 கிலோவாக இருந்தவள் இன்று 44 கிலோ. நான்கு மாதங்களாக மாதவிடாய் வரவில்லை. முடி கொட்டுகிறது, பங்குனி வெயிலிலும் போர்வை கேட்கிறாள். சாப்பிடச் சொன்னால் விரதம் என்கிறாள். ஆனால் வீட்டில் எல்லோருக்கும் சமைப்பவள் அவள்தான். சத்து மாத்திரை கொடுத்தால் சரிவருமா?
(ஒரு தாய், கொக்குவில்)

பதில்: சத்து மாத்திரையால் இது சரிவராது. இது உண்ணல் கோளாறு என்னும் நோயாக, அதாவது உணவைப் பற்றிய பயத்தால் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் நோயாக இருக்கலாம். இந்த வாரமே மகளை ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்கள் தந்த கணக்கின்படி அவரது உடற்திணிவுச் சுட்டி (நிறையை உயரத்தோடு ஒப்பிடும் அளவு, BMI) 22.7 இலிருந்து 17.2 ஆக இறங்கியிருக்கிறது, 18.5 இற்குக் கீழே இருப்பதே நிறைக்குறைவு. எனக்கு அதைவிடக் கவலை தருவது, ஏழு மாதத்தில் உடல் நிறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு போயிருப்பதுதான்.

அந்த நான்கில் ஒரு பங்கு மருத்துவர்களுக்குப் பழக்கமான ஓர் அளவு. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில், அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில், உடலும் மனமும் நலமாக இருந்த 36 இளைஞர்கள் தாமாகவே முன்வந்து 24 வாரங்கள் அரைப்பட்டினி கிடந்தார்கள். அவர்களும் தம் நிறையில் ஏறத்தாழ அதேயளவை இழந்தார்கள். மெலிய வேண்டும் என்ற ஆசை அவர்களில் எவருக்கும் இருக்கவில்லை. அப்படியிருந்தும், நாட்கள் போகப்போக அவர்களது பேச்சும் கனவும் உணவைப் பற்றியே ஆயின. சமையற் குறிப்புகளைச் சேகரித்தார்கள், ஒரு தட்டு உணவை நெடுநேரம் அளைந்து அளைந்து உண்டார்கள், எப்போதும் குளிர்கிறது என்றார்கள், எரிச்சலும் சோர்வும் மிகுந்து தனித்துப் போனார்கள். உங்கள் மகள் தான் தொடாத சொதியை மற்றவர்களுக்காகப் பார்த்துப் பார்த்துக் காய்ச்சுவதும், வெயிலில் போர்வை தேடுவதும் இதே வகையைச் சேர்ந்தவை. தாய்மார் பலர் பிடிவாதம் என்று நினைப்பதில் பெரும்பகுதி, பட்டினி கிடக்கும் மூளையின் வேலை. பசி கூடக்கூட உணவைப் பற்றிய பயமும் கூடுகிறது, பயம் கூடக்கூட உணவு இன்னும் குறைகிறது. இந்தச் சுழலுக்குள் அகப்பட்டவர் தனியே வெளியேறுவது மிகக் கடினம்.

டயட் இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி நேர்வதில்லை. பரம்பரை இயல்பு, எதையும் பிழையில்லாமல் செய்ய வேண்டும் என்ற சுபாவம், பரீட்சை நெருக்கடி, உடலைப் பற்றிய ஊர்ப்பேச்சு எனப் பலவும் சேர வேண்டும். ஆனாலும் கடும் டயட்டே முக்கியமான வாசல். அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலத்தில் பாடசாலை மாணவரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்து 1999 இல் வெளியிடப்பட்ட ஆய்வில், டயட் இல்லாத மாணவிகளோடு ஒப்பிடும்போது, கடுமையாக டயட் இருந்தவர்களுக்கு உண்ணல் கோளாறு தோன்றும் வாய்ப்பு 18 மடங்காகவும், மிதமாக இருந்தவர்களுக்கு 5 மடங்காகவும் காணப்பட்டது. அந்தக் கலியாண வீட்டில் பேசிய உறவினரில் மட்டும் பழியைப் போட்டுப் பயனில்லை. இப்போது "வடிவாய் மெலிஞ்சிட்டாய்" என்று பாராட்டுபவர்களும் அதே அளவு தீங்கு செய்கிறார்கள் என்பது என் எண்ணம்.

விரதம் என்று சொல்வதைப் பற்றி ஒரு வார்த்தை. கந்தசஷ்டிக்கு 6 நாள், கேதாரகௌரிக்கு 21 நாள் என்று நம் விரதங்களுக்கு ஒரு முடிவும், முடிவில் பாறணையும் உண்டு. பாறணையன்று இலையில் சோறு விழும்போது மகளின் முகத்தைக் கவனியுங்கள். மற்றவர்கள் ஆவலோடு பிசைகையில் அவர் கறியைக் கரைக்கு ஒதுக்கி, கீரையில் நாலு இலையோடு எழும்பிவிடுகிறாரா? அப்படியானால் விரதம் இங்கே ஒரு சாட்டு மட்டுமே. சாப்பிட்ட கையோடு குளியலறைக்குப் போகிறாரா, கன்னத்தின் அடிப்பகுதி வீங்கியிருக்கிறதா, பல் கூசுகிறது என்கிறாரா என்பதையும் பாருங்கள்; வாந்தி எடுக்கும் பழக்கம் இருந்தால் இரத்தத்தில் பொற்றாசியம் குறைந்து இதயத் துடிப்புக் குழம்பலாம்.

மருத்துவர் நாடித்துடிப்பையும், மகளைப் படுக்கவைத்தும் எழுந்து நிற்கவைத்தும் இரத்த அழுத்தத்தையும் பார்ப்பார். இரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் எடுப்பார். தைரொயிட், நீரிழிவு, காசநோய் போன்ற வேறு காரணங்கள் உண்டா என்றும் தேடுவார். இரத்த அறிக்கை சீராக வந்தால் நோய் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள், ஏனெனில் உடல் நெடுநாள் ஈடுகொடுத்துவிட்டுத் திடீரென்றுதான் தளரும். மாதவிடாயை வரவைக்கும் மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். அதனால் இரத்தப்போக்கு வந்தாலும் எலும்பு தேய்வது நிற்காது, ஆபத்து மறைந்துவிட்டது போன்ற தோற்றம் மட்டுமே கிடைக்கும். எலும்பின் வலு ஏறத்தாழ இருபதுகளின் நடுப்பகுதிக்குள் சேர்ந்துவிட வேண்டியது; இந்த வயதில் இழப்பதைப் பின்னர் முழுதாக மீட்பது கடினம்.

ஒரே நாளில் பழையபடி ஊட்டிவிடவும் முயலாதீர்கள். நெடுநாள் பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறையச் சாப்பிட்டால் இரத்தத்தில் பொஸ்பேற் என்ற உப்பின் அளவு சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே அளவை மருத்துவர் சொல்லியே கூட்ட வேண்டும். மயக்கம், நெஞ்சுவலி, நிமிடத்துக்கு 50 இற்குக் குறைந்த நாடித்துடிப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். 1990 அம்புலன்ஸ் சேவையை அழைக்கலாம். வாழ்க்கை வெறுத்துவிட்டது என்ற பேச்சு வந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்குப் பேசுங்கள்.

உளமருத்துவரிடம் அனுப்பினால் "பைத்தியமா" என்று பயப்பட வேண்டாம். இந்நோய்க்கு உணவு, உடல், மனம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் சிகிச்சையே பயன் தருகிறது. வீட்டார் பக்கத்தில் இருந்து உண்ண வைப்பதும் அதில் ஒரு பகுதி. சாப்பாட்டு நேரத்தில் கலோரி விவாதமும் கண்ணீரும் வேண்டாம். நீங்களே பரிமாறி, கூட இருந்து சாப்பிட்டு, பிறகு ஒரு மணித்தியாலம் அவரைத் தனியே விடாதிருங்கள்.

வர மறுத்தால் நிறையைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம். முடி கொட்டுவதற்கும் குளிர்வதற்கும் காட்டப் போகிறோம் என்று சொல்லுங்கள். அவை அவருக்கே தொல்லையாக இருப்பவை, பெரும்பாலும் சம்மதிப்பார். மாதவிடாய் கடைசியாக வந்த திகதியையும் அன்றைய நிறையையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள்.