பீசோ பிக்கப்: வாசகர் கேள்வி – பதில்

கே: அக்கூஸ்டிக் கிட்டாரில் 27 மி.மீ. பீசோ டிஸ்க் (அதிர்வை மின்சிக்னலாக மாற்றும், செராமிக் ஒட்டிய பித்தளை வட்டு) ஒன்றை ஒட்டி நேராக ஆடியோ மிக்ஸரில் செருகினேன். தகர டப்பாவைத் தட்டுவதுபோல் கேட்கிறது. பேஸ் அறவே இல்லை. மலிவான டிஸ்க் என்பதால்தானா?

ப: டிஸ்க் மேல் பழி போடாதீர்கள். செருகிய இடம்தான் தவறு. மின்சுற்றைப் பொறுத்தவரை அந்தத் தகடு சுமார் 20 நானோஃபாரட் கெபாசிட்டர். அது மிக்ஸரின் உள்தடையோடு சேரும்போது, ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே இருப்பதெல்லாம் தேய்ந்துபோகும். அந்த எல்லையைக் கண்டுபிடிக்க, 1-ஐ (2 × பை × தடை × கெபாசிட்டன்ஸ்) என்பதால் வகுக்க வேண்டும். லைன் இன்புட்டின் தடை பெரும்பாலும் 10 கிலோ ஓம். அப்படியானால் எல்லை ஏறக்குறைய 800 ஹெர்ட்ஸ். கிட்டாரின் அடித்தந்தி 82 ஹெர்ட்ஸ், மேல்தந்தியே 330 ஹெர்ட்ஸ்தான். ஆக, திறந்த தந்திகள் ஆறுமே எல்லைக்குக் கீழே கிடக்கின்றன. அதே டிஸ்க்கை 1 மெகா ஓம் இன்புட்டில் செருகினால் எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும்.

கிட்டார் ஆம்ப்ளிஃபையரின் இன்புட், ஆடியோ இன்டர்ஃபேஸில் ‘இன்ஸ்ட்ருமென்ட்’ என்று போட்டிருக்கும் சாக்கெட், ஆக்டிவ் டிஐ பாக்ஸ் (கருவியின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) ஆகியவை பொதுவாக 1 மெகா ஓம் அளவில் இருக்கும். முதலில் அங்கே செருகிப் பாருங்கள். மிக்ஸர்தான் வேண்டும் என்றால் இடையில் ஒரு பஃபர் (டிஸ்க்குக்கு உயர்ந்த இன்புட் தடையைக் காட்டும் சிறு சுற்று) போடலாம். அதற்கு டிஎல்072 ஐசி ஒன்று, 9 வோல்ட் பேட்டரி ஒன்று போதும். பேட்டரியின் பிளஸ் ஐசியின் 8ஆம் காலுக்கு, சுற்றின் மைனஸ் 4ஆம் காலுக்கு. பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே 100 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டைத் தொடராக வைத்தால், அவை சேரும் இடத்தில் 4.5 வோல்ட் கிடைக்கும். அந்த இடத்திலிருந்து மைனஸுக்கு ஒரு 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். அங்கிருந்தே 3ஆம் காலுக்கு 4.7 மெகா ஓம். டிஸ்க்கின் செராமிக் ஒயர் 100 நானோஃபாரட் வழியாக 3ஆம் காலுக்கு, பித்தளை ஒயர் மைனஸுக்கு. 1, 2 கால்களைச் சேர்த்துவிடுங்கள். 1ஆம் காலிலிருந்து 10 மைக்ரோஃபாரட் வழியாக ஜாக்கின் முனைக்கு (டிப்). கெபாசிட்டரின் பிளஸ் பக்கம் ஐசியை நோக்கி இருக்க வேண்டும். ஜாக் முனைக்கும் மைனஸுக்கும் இடையில் ஒரு 100 கிலோ ஓம். பயன்படாத பாதியைச் சும்மா விடக்கூடாது: 5ஆம் கால் 4.5 வோல்ட்டுக்கு, 6-ம் 7-ம் ஒன்றாக.

தனி சுவிட்ச் தேவையில்லை. அவுட்புட்டுக்கு ஸ்டீரியோ ஜாக் வாங்கி, பேட்டரியின் மைனஸ் ஒயரை நேராகச் சுற்றில் இணைக்காமல் ஜாக்கின் ரிங் (நடு) இணைப்பிலும், 4ஆம் கால் உள்ளிட்ட சுற்றின் மைனஸை ஸ்லீவ் (அடி) இணைப்பிலும் பற்றவையுங்கள். மோனோ பிளக் உள்ளே போனால் இரண்டும் தொட்டுக்கொள்ளும். பிடுங்கினால் பேட்டரி தூங்கும். பிளக்கைச் செருகியே வைத்துவிட்டுப் போகிறவர்களின் பேட்டரியை யாராலும் காப்பாற்ற முடியாது.

கே: கிட்டாரில் எங்கே, எதைக் கொண்டு ஒட்டுவது?

ப: பிரிட்ஜுக்கு நேர் கீழே, பெட்டியின் உட்புறம் கெட்டி மரத்தில் ஒரு பட்டைப் பலகை இருக்கும். அங்கே, சேடிலின் (பிரிட்ஜில் தந்திகள் படிந்து நிற்கும் சிறு பட்டை) கோட்டை ஒட்டி, தந்தி முடிச்சுகள் இடிக்காத இடம் பாருங்கள். முதலில் போஸ்டர் ஒட்டும் புட்டியால் தற்காலிகமாக ஒட்டி வாசித்துப் பார்க்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினாலே குரல் மாறும். பேஸ் தந்திப் பக்கம் போகப் போக ஒலி கனத்து உருளும். மறுபக்கம் போனால் மெலியும்.

இடம் முடிவானதும் தூசியைத் துடைத்து, பித்தளைப் பக்கம் மரத்தில் படும்படி மெல்லிய இருபக்க டேப்பால் ஒட்டுங்கள். ஸ்பாஞ்ச் டேப் வேண்டவே வேண்டாம். மேல் அதிர்வெண்களை அது விழுங்கிவிடும். ஜெல் வகை சூப்பர் குளூ மிகத் தெளிவான ஒலி தரும், ஆனால் திரும்ப வழியில்லை: நெம்பினால் செராமிக் உடைந்துதான் வரும். தொங்கும் ஒயரையும் இரண்டு இடங்களில் ஒட்டிவிடுங்கள். இல்லையேல் அது பெட்டியில் தட்டுவதெல்லாம் ஸ்பீக்கரில் கேட்கும்.

கே: ஒயர் பற்றவைக்கும்போது செராமிக் மேலுள்ள வெள்ளிப் பூச்சு ஈயத்தோடு பெயர்ந்து வந்துவிடுகிறது.

ப: சூடு அதிகம், நேரமும் அதிகம். ஒயர் நுனியில் முன்பே ஈயம் பூசிக்கொண்டு, பூச்சின் ஓரத்தில் இரண்டு விநாடிக்கு மேல் அயர்னை வைக்காமல் எடுங்கள். பித்தளையை உப்புத்தாளால் தேய்த்துவிட்டுப் பற்றவைத்தால் உடனே பிடிக்கும். ஒயரோடு வரும் டிஸ்க் கிடைத்தால் இந்த வேலையே வேண்டாம்.

கே: ‘உம்’ என்று இரைச்சல். டிஸ்க்கின் பித்தளையைத் தொட்டால் இன்னும் கூடுகிறது.

ப: கூடுகிறது என்றீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. ஒயர்கள் மாறிவிட்டன. பித்தளை கேபிளின் ஷீல்டுக்கும் (வெளியே சுற்றியுள்ள கம்பி உறை), செராமிக் நடுக்கம்பிக்கும் போக வேண்டும். கூடவே வரும் சிவப்பு, கறுப்பு ஒயர்களை 2 செ.மீ. விட்டு வெட்டிவிட்டு, அங்கிருந்தே ஷீல்டட் கேபிள் போடுங்கள். மிச்ச இரைச்சலுக்கு, செராமிக் பக்கம் முழுவதையும் இன்சுலேஷன் டேப்பால் மூடி, அதன்மேல் செம்புத் தகட்டு டேப்பைச் சுற்றி, அதைப் பித்தளை விளிம்போடு இணைக்க வேண்டும். செம்பு செராமிக்கின் பற்றவைப்பைத் தொட்டுவிட்டால் ஒலியே வராது. மூடிய பிறகு மல்டிமீட்டரில் சோதித்துக்கொள்ளுங்கள்.

கே: இரண்டு டிஸ்க் போட்டேன், பிரிட்ஜுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஒன்று இருந்தபோது கேட்டதைவிட ஒலி மெலிந்துவிட்டது.

ப: தந்தி இழுக்கும்போது பிரிட்ஜ் முன்னும் பின்னும் சாய்கிறது. பிரிட்ஜுக்கு முன்னால் உள்ள பலகை அமுங்கும் நேரத்தில் பின்னால் உள்ள பகுதி எழும்பும். அதனால் இரண்டு சிக்னலும் ஒன்றையொன்று அழிக்கின்றன. இரண்டையும் சேடில் கோட்டிலேயே இடம் வலமாக வைத்து, பேரலலாக இணையுங்கள். கெபாசிட்டன்ஸ் இரட்டிப்பாகும், பேஸ் எல்லையும் பாதியாக இறங்கும். தொடர் இணைப்பில் நேர்மாறு.

கே: வயலினுக்கும் இதே 27 மி.மீ. டிஸ்க் ஆகுமா?

ப: குதிரையில் (தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ்) வேண்டாம். வயலின் குதிரையே ஏறக்குறைய 2 கிராம்தான். அதன்மேல் பித்தளையைத் தொங்கவிட்டால் மியூட் போட்டதுபோல் ஒலி அடங்கிவிடும். 10 அல்லது 12 மி.மீ. டிஸ்க்கை, குதிரையின் பக்கவாட்டு வெட்டுக்குள் மெல்லிய கார்க் துண்டால் இறுக்கமாகச் செருகுங்கள். பசை எதுவும் தேவையில்லை. வார்னிஷ் மேல் சூப்பர் குளூ கூடவே கூடாது. டேப்பும் உரிக்கும்போது வார்னிஷைப் பிய்த்துக்கொண்டு வரலாம். மெல்லிய கேபிளை டெயில்பீஸில் கட்டிவிட்டால் குதிரையை இழுக்காது. வேலை செய்யும்போது நான்கு தந்திகளையும் ஒரேயடியாகத் தளர்த்தாதீர்கள். குதிரை சாயும், உள்ளே நிற்கும் சிறு மரக்குச்சியான சவுண்ட்போஸ்டும் விழலாம். அதை நிறுத்துவதற்குத் தனிக் கருவி வேண்டும்.