பனிக்காலத்தில் பாப்-அப் ட்ரெய்லர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நவம்பர் பிறந்தாலே இந்தக் கேள்விகள் வந்துவிடும். பாப்-அப் ட்ரெய்லரை, அதாவது காருக்குப் பின்னால் இழுத்துப் போய் முகாமில் கூரையைத் தூக்கி விரித்துக்கொள்கிற மடக்கு ட்ரெய்லரை, தார்ப்பாய் போட்டு மூடிவிடலாமா, இல்லை பனியில் ஒருமுறை போய்த்தான் பார்ப்போமா என்று கேட்டு எழுதுகிறார்கள். போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். பனி மூடிய காட்டில் கொசு கிடையாது, கூட்டம் கிடையாது. காலையில் கதவைத் திறந்தால் முயல் ஓடிய தடம் மட்டும் இருக்கும். ஆனால் பாப்-அப்பில் பாதிச் சுவர் வெறும் துணிதான். வீட்டைப் போல உள்ளே இருக்கும் காற்றை எல்லாம் சூடாக்க நினைத்தால் புரொபேனும் தீரும், பேட்டரியும் தீரும், குளிர் மட்டும் போகாது. படுக்கையையும் உடம்பையும் கதகதப்பாக வைத்துக்கொள்ளத்தான் பார்க்க வேண்டும். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அங்கேதான் போய் நிற்கின்றன.

மிசிசாகாவிலிருந்து: பிப்ரவரியில் வரும் ஃபேமிலி டே விடுமுறைக்கு ஒன்டாரியோவின் அல்கான்குவின் பார்க்கில் உள்ள மியூ லேக் முகாமுக்குப் போகிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். புரொபேனில் எரிகிற, மணிக்கு 16,000 பி.டி.யு. (வெப்ப அளவு) தருகிற ஃபர்னஸ் ட்ரெய்லரிலேயே இருக்கிறது. மின்சாரம் இல்லாத சைட்தான் (முகாமிடம்) கிடைத்தது. மூன்று இரவுக்கு ஒரு புரொபேன் டாங்க் போதுமா?

நீங்கள் டாங்கைப் பற்றிக் கேட்கிறீர்கள். எனக்குக் கவலை உங்கள் பேட்டரியைப் பற்றி.

முதலில் டாங்க் கணக்கைப் பார்த்துவிடுவோம். 20 பவுண்டு டாங்க் நிறைய இருந்தால் சுமார் 4,30,000 பி.டி.யு. வெப்பம் கிடைக்கும். உங்கள் ஃபர்னஸ் நிற்காமல் எரிந்தால் ஏறக்குறைய 27 மணி நேரம். பிப்ரவரியில் அங்கே ராத்திரி மைனஸ் 20 வரை சர்வசாதாரணமாகப் போகும். பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை 14 மணி நேரம் என்று வைத்து, அதில் அறுபது சதவீதம் எரிந்தால் ஓர் இரவுக்கு எட்டரை மணி நேரம். மூன்றாம் நாள் விடிவதற்கும் டாங்க் தீர்வதற்கும் சரியாக இருக்கும். குளிர் கூடக் கூட, டாங்கில் இருப்பு குறையக் குறைய, புரொபேன் ஆவியாகும் வேகமும் குறையும். அதனால் இரண்டு டாங்காக எடுத்துப் போங்கள். டாங்கை உள்ளே கொண்டுவந்து வைக்கவே கூடாது.

இப்போது பேட்டரி. ஃபர்னஸ் எரிவது புரொபேனில் என்றாலும், சூட்டைத் தள்ளுகிற விசிறி ஓடுவது 12 வோல்ட்டில். விசிறி 4 ஆம்பியர் இழுத்தால் ஓர் இரவுக்கு 34 ஆம்பியர்-மணி. ட்ரெய்லரோடு வருகிற சாதாரண லெட்-ஆசிட் பேட்டரியின் கொள்ளளவு 75 ஆம்பியர்-மணி அளவில் இருக்கும். கெடாமல் இருக்க வேண்டுமென்றால் அதில் பாதியைத்தான் எடுக்கலாம். உறைகுளிரில் அந்தப் பாதியும் குறையும். ஆக, முதல் இரவையே அது தாக்குப்பிடித்தால் பெரிது.

பேட்டரி இறங்கினால் ஃபர்னஸ் சும்மா நின்றுவிடாது. விசிறி மெதுவாகச் சுற்றும். காற்று வேகம் போதாததால், காற்றோட்டத்தை உணர உள்ளே இருக்கும் செயில் ஸ்விட்ச் மூடாது. அது மூடாவிட்டால் தீ பற்றாது. நெருப்பே இல்லாமல் குளிர்ந்த காற்றை ஊதிக்கொண்டே மிச்ச பேட்டரியையும் தின்றுவிடும். என் முதல் குளிர்காலத்தில் அதிகாலை மூன்று மணிக்கு இதுதான் நடந்தது. பிள்ளைகளைக் கம்பளியோடு தூக்கிக் காருக்குள் உட்காரவைத்தேன். ஃபர்னஸ் ரிப்பேர் என்று நினைத்து வீட்டுக்குத் திரும்பி, அதைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் பழுது எதுவும் இல்லை என்று புரிந்தது.

உங்களுக்கு மூன்று இரவு வேண்டுமானால், 6 வோல்ட் கோல்ஃப் வண்டி பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்துக்கொள்ளுங்கள். 200 ஆம்பியர்-மணிக்குமேல் கிடைக்கும். லித்தியம் என்றால் ட்ரெய்லருக்கு உள்ளே வையுங்கள். லித்தியத்தை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. சோலார் பேனலை நம்பாதீர்கள்; பகல் குட்டை, மர நிழல் நீளம். தெர்மோஸ்டாட்டை ராத்திரியில் 10 டிகிரியில் விடுங்கள், 20 வேண்டாம். எல்லாவற்றுக்கும் முன்னால், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு வீட்டு வாசலிலேயே ட்ரெய்லரை விரித்து, மின் இணைப்பு கொடுக்காமல் ஓர் இரவு படுத்துப் பாருங்கள். எது தோற்றாலும் பத்தடியில் வீடு இருக்கிறது.

மிச்சிகனிலிருந்து: ஹீட்டர் நன்றாக வேலை செய்கிறது. நடுவில் உட்கார்ந்தால் ஸ்வெட்டரைக் கழற்றத் தோன்றுகிறது. படுத்தால் முதுகு ஜில்லிடுகிறது. காலையில் மெத்தைக்கு அடியில் ஈரம் வேறு. ஏன்?

குளிர்காலத்தில் பாலங்களுக்கு முன்னால் ஒரு பலகை இருக்குமே, சாலையைவிடப் பாலம் முதலில் உறையும் என்று. உங்கள் படுக்கையும் ஒரு பாலம்தான். இருபுறமும் வெளியே இழுத்துவிடுகிற அந்தப் படுக்கைக்குக் கீழே தரை கிடையாது, ட்ரெய்லரின் உடலும் கிடையாது. ஒரு பலகை, அதன்மேல் சில அங்குல ஃபோம். அதற்கும் கீழே வெட்டவெளிக் காற்று. உங்கள் எடையில் ஃபோம் அமுங்கிவிடுவதால் இருக்கிற தடுப்பும் பாதியாகிறது.

ஆகவே சூட்டைக் கூட்டாதீர்கள், அடியை மூடுங்கள். பிள்ளைகள் விளையாட விரிக்கிற, ஒன்றோடொன்று கோக்கும் ஃபோம் பாய்களை மெத்தைக்கும் பலகைக்கும் நடுவில் போடுங்கள். விலை குறைவு, பலன் பெரிது. மெத்தைக்கு மேலே, முகாமுக்கென்று விற்கிற ஸ்லீப்பிங் பேட் ஒன்று. அதில் ஆர்-மதிப்பு என்று, குளிரை எவ்வளவு தடுக்கும் எனச் சொல்கிற ஓர் எண் இருக்கும். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் அந்த எண்கள் கூடிக்கொண்டே போகும். மைனஸ் பத்துக்குக் கீழே போகிற இடமென்றால் மொத்தம் 5-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காற்று ஊதுகிற சாதாரண மெத்தை மட்டும் வேண்டவே வேண்டாம். உள்ளே காற்று புரண்டுகொண்டே இருப்பதால் உடம்புச் சூட்டை எடுத்துக் கீழே கொடுத்துவிடும்.

மேலே, படுக்கைப் பகுதியின் கேன்வாஸ் மீது வெள்ளிப் பூச்சுள்ள கனமான போர்வையைப் போட்டு நான்கு மூலையிலும் கட்டுங்கள். ஜன்னல்களுக்கு ரிஃப்ளெக்டிக்ஸ் (வெள்ளிப் பூச்சுள்ள குமிழ்த்தாள்) வெட்டிச் செருகலாம். நடுப்பகுதிக்கும் படுக்கைக்கும் நடுவே இருக்கும் திரையைப் பலர் இழுத்து மூடிவிடுகிறார்கள். மூடினால் ஃபர்னஸ் சூடு உங்களிடம் வராது, திறந்தே விடுங்கள்.

ஈரத்துக்குக் காரணம் உங்கள் உடம்புதான். ராத்திரி முழுக்க மூச்சிலும் தோலிலும் ஒருவரிடமிருந்து சுமார் கால் லிட்டர் நீர் வெளியேறுகிறது. அதில் ஒரு பங்கு மெத்தை வழியே இறங்கி, குளிர்ந்த பலகையில் பட்டுத் தண்ணீராகிறது. தினமும் காலையில் மெத்தையை நிமிர்த்திச் சாய்த்துவையுங்கள்.

ரொம்பக் குளிருகிற இரவில் நான் செய்வது இன்னொன்று. சாப்பாட்டு மேசையை இறக்கிப் படுக்கையாக்கி அங்கேயே படுத்துவிடுவேன். அதற்குக் கீழே ட்ரெய்லரின் தரை இருக்கிறது. இடம் நெருக்கடிதான், ஆனால் தூக்கம் வருகிறது.

கொலராடோவிலிருந்து: எங்கள் பழைய ட்ரெய்லரில் ஃபர்னஸ் இல்லை. 'பட்டி' (Buddy) என்கிற, கையில் எடுத்துப் போகும் புரொபேன் ஹீட்டர் வாங்கினோம். அதில் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறதாம். ராத்திரி முழுக்க எரியவிடலாமா?

தூங்கும்போது வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது.

அந்த சென்சார் ஆக்சிஜன் குறைந்தால் அணைக்கும். கார்பன் மோனாக்சைடு எவ்வளவு இருக்கிறது என்று அது அளப்பதில்லை. அந்த வாயுவுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்குமேல் இறுகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அசதி என்று ஃப்ளூ மாதிரி தொடங்கும். தூக்கத்தில் இருப்பவருக்கு அந்த எச்சரிக்கையும் இல்லை. துணிச்சுவர்தானே, காற்று வந்து போகும் என்று நினைக்காதீர்கள். துணிக்கூடாரத்திலேயே உயிர்கள் போயிருக்கின்றன. விழித்திருக்கும்போது, எதிரெதிரே இரண்டு ஜன்னல்களைக் கொஞ்சம் திறந்துவிட்டு, படுக்கும் முன் ஒரு மணி நேரம் எரியவிட்டு அணைத்துவிடுங்கள். நீங்கள் இருக்கும் மலைப்பகுதியில் 7,000 அடிக்கு மேலே போனால் அது தானாகவே அணைந்துவிடுவதும் உண்டு.

சமையல் அடுப்பைச் சூட்டுக்காக எரியவிடாதீர்கள். கரி அடுப்பு, கணப்பு எதையும் உள்ளே கொண்டுவரவே கூடாது; அணைந்ததுபோல் இருக்கும் கரியும் விஷவாயுவை விட்டுக்கொண்டிருக்கும். கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வேண்டும். அதற்கும் ஆயுள் உண்டு. பின்பக்கம் அச்சிட்ட தேதியைப் பாருங்கள், கடந்திருந்தால் மாற்றுங்கள்.

ஃபர்னஸ் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்க வேண்டும். அது வெளியிலிருந்து காற்றை எடுத்து, புகையை வெளியிலேயே விடுகிறது, அதனால்தான் பாதுகாப்பு. அந்தப் புகைவாய் பனியில் புதைந்தால் பாதுகாப்பு போயிற்று. பனி பெய்கிற இரவில் ஒருமுறை எழுந்து போய்ப் பார்த்துவிட்டுப் படுங்கள். குளவி கூடு கட்டுவதும் அங்கேதான்.

ஒட்டாவாவிலிருந்து: காலையில் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. ஓட்டையா?

ஓட்டை இல்லை, நீராவி. நான்கு பேர் மூச்சு, அதோடு சமையல். ஒரு கிலோ புரொபேன் எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ தண்ணீர் உண்டாகிறது. ஃபர்னஸ் அதை வெளியே தள்ளிவிடும். உள்ளே வைத்த ஹீட்டரும் அடுப்பும் உங்கள் கூரையில் ஒட்டிவிடும். சாதம் வடிப்பது, தண்ணீர் கொதிக்கவைப்பது எல்லாம் வெளியே வைத்துக்கொள்ளுங்கள். கூரைத் துவாரத்தையும் ஒரு ஜன்னலையும் இரண்டு விரல் அகலம் திறந்துவையுங்கள். சூடு போகுமே என்று மனசு கேட்காது. ஆனால் ஈரமான கம்பளியில் படுப்பதைவிட அது மேல்.

நியூஜெர்சியிலிருந்து: மின்சாரம் உள்ள சைட். 1,500 வாட் ஹீட்டர் இரண்டு போடலாமா?

ஒரு ஹீட்டர் 12.5 ஆம்பியர் இழுக்கும். உள்ளே இருக்கும் பிளக்குகள் பெரும்பாலும் ஒரே 15 அல்லது 20 ஆம்பியர் பிரேக்கரில் இருப்பதால் இரண்டாவதைப் போட்டதும் விழுந்துவிடும். ஒன்று போதும். ஆயில் ரேடியேட்டர் என்றால் சத்தமும் இல்லை. கேன்வாஸிலிருந்து மூன்றடி தள்ளி வையுங்கள், மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம். மிச்ச மின்சாரத்தில் சூடாகிற மெத்தை விரிப்பு ஒன்று போடுங்கள். 100 வாட்டைச் சுற்றித்தான் எடுக்கும், ஆனால் காற்றுக்குப் போகிற சூடு நேரே உங்கள் முதுகுக்கு வரும்.

டொராண்டோவிலிருந்து: அம்மா கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கிறார். 66 வயது. பனியில் காட்டைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஆசைப்படுகிறார். கூட்டிப் போகலாமா?

கூட்டிப் போங்கள். ஆனால் முதல் தடவையே பாப்-அப் வேண்டாம். மியூ லேக்கிலேயே மின்சாரச் சூடு உள்ள யுர்ட் கூடாரங்கள் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஓர் இரவு அதில் தங்கட்டும். பிடித்தால் அடுத்தது ட்ரெய்லர். வயதானவர்களுக்குக் குளிர் ஏறுவது தாமதமாகத்தான் தெரியும், நடுக்கமும் குறைவாக இருக்கும். 'எனக்கு ஒன்றும் இல்லை' என்று அம்மா சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். கையைத் தொட்டுப் பாருங்கள். பேச்சு குழறினாலோ நடை தடுமாறினாலோ தாமதிக்காமல் உதவிக்கு அழையுங்கள்.

ஸ்லீப்பிங் பேக்கில் இரண்டு மூன்று வெப்பநிலை போட்டிருப்பார்கள். கம்ஃபர்ட் என்று இருப்பதை மட்டும் பாருங்கள். எக்ஸ்ட்ரீம் என்பது தூங்குவதற்கான அளவே இல்லை, உயிர் பிழைப்பதற்கான அளவு. வானிலை அறிக்கை சொல்வதைவிட 5 டிகிரி கூடுதல் குளிருக்கானதை எடுங்கள்.

நைட்டிதான் வசதி என்றால் உள்ளே தெர்மல் போட்டு, மேலே நைட்டி போட்டுக்கொள்ளட்டும். வெறும் பருத்தி வியர்வையைப் பிடித்துவைத்துக் குளிரவைக்கும். படுக்கப் போகும்போது புது காலுறை. பகலெல்லாம் போட்டிருந்தது வேண்டாம். ஊரிலிருந்து நிச்சயம் ஒரு மங்கி கேப் கொண்டுவந்திருப்பார், அதைவிட நல்ல தொப்பி இங்கே கடையில் கிடைக்காது. சுடுதண்ணீர்ப் பையைத் துணியில் சுற்றி, படுப்பதற்கு அரை மணி முன்பே கால்மாட்டில் வைத்துவிடுங்கள். ராத்திரி பனியில் கழிப்பறைக்கு நடக்கவிடாதீர்கள். ட்ரெய்லருக்குள்ளேயே சின்ன போர்ட்டா-பாட்டி (கையில் எடுத்துப் போகும் கழிப்பறை) வைத்துக்கொள்ளலாம். இது இல்லையென்றால் பல அம்மாக்கள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

பஃபலோவிலிருந்து: கூரையில் பனி சேர்ந்தால்? தண்ணீர்க் குழாய்?

கூரையைத் தூக்கும் அமைப்பு கூரையின் எடைக்காகச் செய்தது. பத்து சென்டிமீட்டர் புதுப்பனியே அரை குவிண்டாலைத் தாண்டும், ஈரப்பனி என்றால் பல மடங்கு. மென்மையான துடைப்பத்தால் அவ்வப்போது தள்ளுங்கள். தண்ணீர் அமைப்பைக் குளிர்காலத்தில் தொடாதீர்கள். வடித்து, குழாய் உறையாமல் காக்கும் இளஞ்சிவப்பு நிற ஆர்.வி. ஆன்டிஃப்ரீஸ் ஊற்றி மூடியபடியே இருக்கட்டும். கேனில் தண்ணீர் எடுத்துப் போங்கள், கேனை முக்கால்தான் நிரப்புங்கள். ட்ரெய்லர் ஆடாமல் தாங்குகிற ஸ்டெபிலைசர் கால்களுக்கு அடியில் பலகை வையுங்கள், இல்லாவிட்டால் தரையோடு உறைந்துவிடும்.

மினியாபோலிஸிலிருந்து: மடக்கும்போது பிளாஸ்டிக் ஜன்னலில் விரிசல் விழுந்துவிட்டது. என்ன தப்பு?

குளிரில் விறைத்த வைனலை (ஜன்னல் பிளாஸ்டிக்கை) மடக்கினீர்கள். மற்றச் சாமான்களை எல்லாம் காரில் ஏற்றும்போதும் ஹீட்டரை ஓடவிடுங்கள், அதைக் கடைசியாக நிறுத்துங்கள். வைனல் வளையும் பதத்துக்கு வந்திருக்கும்போதே இரண்டு பேராக மெதுவாக மடியுங்கள், ஒருவர் உள்ளே இருந்து துணியை இழுத்துவிட வேண்டும். கேன்வாஸில் ஒட்டியிருக்கும் பனித்துகளை முதலில் உதறிவிடுங்கள். எவ்வளவு உதறினாலும் ஈரம் இருக்கும். வீட்டுக்கு வந்த மறுநாளே, உயரம் போதுமானால் கராஜில், இல்லையென்றால் வெயில் அடிக்கும் நேரம் பார்த்து வாசலில் விரித்து ஹீட்டர் வைத்துக் காயவிடுங்கள். விரிசல் விழுந்த ஜன்னலுக்கு இப்போதைக்கு வைனல் ஒட்டுப்பட்டை போதும். அதையும் உள்ளே சூடாக்கிய பிறகே ஒட்டுங்கள், குளிரில் பிடிக்காது.