கூரை வேலையும் கணக்குப் புத்தகமும்

கேள்வி: சிங்கப்பூரின் யீஷூனில் கூரை பழுதுபார்க்கும் சிறு நிறுவனம் நடத்துகிறேன். வங்கியில் பணம் இருப்பதுபோல் தெரிகிறது. ஆண்டு முடிவில் லாபத்தைக் காணவில்லை. தவறு எங்கே இருக்கும்?

பதில்: பெரும்பாலும் முன்பணத்தில்தான். 20,000 வெள்ளி வேலைக்கு 8,000 வெள்ளி முன்பணம் வாங்கி, அதை வருமானமாக எழுதி, முந்தைய வேலையின் தகடுக் கடனை அதிலிருந்து அடைத்தால், புதிய வேலை தொடங்கும்போது கை வெறுமையாக இருக்கும். வேலை நடக்கும்வரை அந்தத் தொகை உங்கள் பொறுப்பில் உள்ள கடனே. ஆனால், நீங்கள் பொருள், சேவை வரிக்குப் பதிவு செய்தவரானால், விலைப்பட்டியல் கொடுத்த நாள், பணம் பெற்ற நாள் ஆகியவற்றுள் முந்தியதே வரிக்குரிய நாள் என்பதால், வேலையின் பகுதிக் கட்டணமாக வாங்கிய முன்பணத்திற்கும் 9 விழுக்காட்டு வரியை அந்தக் காலாண்டிலேயே காட்ட வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்.

ஒவ்வொரு வேலைக்கும் தனிக் கணக்கு வையுங்கள். தகடு, திருகு, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு ஆகியவற்றோடு, சாரக்கட்டு வாடகை, வெளிநாட்டு ஊழியருக்காக அரசுக்குக் கட்டும் தீர்வை, மழையால் வேலை நின்ற நாள்களின் சம்பளம் ஆகியவற்றையும் அதில் ஏற்றுங்கள். மழைநாள் சம்பளத்தைப் பொதுச் செலவில் சேர்ப்பவர்கள் விலையைக் குறைத்தே குறிப்பிடுகிறார்கள் என்பது என் கருத்து. வேலையில் குறை வந்தால் சரிசெய்வதற்கு உத்தரவாதமாகத் தலைமைக் குத்தகையாளர் பிடித்து வைக்கும் தொகையை, அது கைக்கு வரும் தேதியுடன் தனியாகக் குறியுங்கள். கேட்காமல் விட்டால் அது மறந்தே போகும். ரசீதுகளை உள்நாட்டு வருவாய் ஆணைய விதிப்படி குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். வெயிலில் எழுத்து மங்குமுன் படமெடுத்துச் சேமியுங்கள்.