குறைந்த விலையில், குரல் பலமாகவும் தெளிவாகவும் போகிற சி.பி. ரேடியோ (ட்ரக்காரர் ஓடும்போது ஒருவரோடொருவர் கதைக்கிற ரேடியோ) எது?

கேட்டவர் ஒன்டாரியோவில் புதிதாக ஏ.இசட். லைசென்ஸ் (பெரிய ட்ரெய்லர் ட்ரக் ஓட்டுகிற லைசென்ஸ்) எடுத்து, டொராண்டோவிலிருந்து பென்சில்வேனியா, ஒகாயோ பக்கம் ட்ரக் ஓடப் போகிறார். கையில் நூறு, நூற்றைம்பது டாலர்தான். தான் கதைப்பது மற்றவர்களுக்குத் தெளிவாக, கொஞ்சம் பலமாகக் கேட்க வேண்டும் என்கிறார்.

முதலில் பதில். மைக் கெய்ன் குமிழ் (மைக்கிலிருந்து போகிற குரலைக் கூட்டிக் குறைக்கிற குமிழ்) இருக்கிற, மைக்கைக் கழற்றி மாட்டக்கூடிய, யாரும் உள்ளே கை வைக்காத சாதாரண நாற்பது சேனல் பெட்டி ஒன்று வாங்குங்கள். மிச்சக் காசை அன்டெனாவுக்கும் மைக்குக்கும் வையுங்கள். கோப்ரா 29 அல்லது கோப்ரா 25, பழையதாக நல்ல நிலையில் கிடைத்தால் உங்கள் காசுக்குள் அடங்கும். இரண்டிலும் 'டைனாமைக்' என்று எழுதிய ஒரு குமிழ் இருக்கும். அதுதான் மைக் கெய்ன். யுனிடன் பெயார்காட் 880இலும் அது உண்டு. அதில் கூடுதலாக 'டாக்பேக்' வசதியும் இருக்கிறது: நீங்கள் கதைக்கும்போது உங்கள் குரல் உங்கள் ஸ்பீக்கரிலேயே மெதுவாகக் கேட்கும். இன்னும் மலிவாக வேண்டுமென்றால் மிட்லண்ட் 1001இசட், யுனிடன் ப்ரோ 505எக்ஸ்எல் மாதிரிச் சின்னப் பெட்டிகள் இருக்கின்றன. அவற்றில் மைக் கெய்ன் குமிழ் கிடையாது. கேட்பதற்குப் போதும். உங்கள் கேள்வி கதைப்பதைப் பற்றியது என்பதால் நான் அவற்றைச் சொல்ல மாட்டேன்.

இனி ஏன் என்று சொல்கிறேன். நான் இதில் காசை விட்டவன்.

நான் ஓடத் தொடங்கிய காலத்தில் ஒரு ட்ரக் ஸ்டாப் கடையில் புதுப் பெட்டி வாங்கினேன். கடைக்காரர் "இதை அப்படியே பூட்டினால் சத்தம் போகாது, ட்யூன் பண்ணித் தருகிறேன்" என்றார். ஐம்பது டாலர் கூடக் கொடுத்தேன். அரை மணித்தியாலத்தில் பெட்டியைத் திறந்து ஏதோ செய்து மூடினார். வாட் மீட்டரை மாட்டி மைக்கில் விசிலடித்துக் காட்டினார். ஊசி துள்ளிக்கொண்டு மேலே போனது. எனக்குப் பெரிய சந்தோசம். இரண்டு கிழமை கழித்து 401 நெடுஞ்சாலையில் கிங்ஸ்டன் தாண்டி எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த எங்கள் ஆள் ஒருவர் சொன்னார்: "அண்ணை, உங்கட ஊசி நல்லா ஏறுது, ஆனா கதை ஒண்டும் விளங்கேல்லை. வாளிக்குள்ள தலையை விட்டுக்கொண்டு கதைக்கிறியளோ?"

அந்த ஒரு வசனத்தில் முழுப் பாடமும் இருந்தது. ஊசி ஏறுவது வேறு, குரல் போவது வேறு.

சி.பி. ரேடியோ 27 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் வேலை செய்வது. ட்ரக்காரர் கூடுகிற 19ஆம் சேனல் 27.185 மெகாஹெர்ட்ஸ். சட்டப்படி ஏ.எம். முறையில் எந்தப் பெட்டியும் 4 வாட்டுக்கு மேல் விடக்கூடாது. அமெரிக்காவிலும் அதுதான், கனடாவிலும் அதுதான். அறுபது டாலர் பெட்டிக்கும் அதே 4 வாட், முந்நூறு டாலர் பெட்டிக்கும் அதே 4 வாட். ஆனால் அந்த 4 வாட்டில் உங்கள் குரல் இல்லை. அது வெறும் சுமக்கிற அலை, கேரியர். மைக்கை அழுத்தி ஒன்றும் பேசாமல் இருந்தாலும் அது போய்க்கொண்டுதான் இருக்கும். எதிரே உள்ளவரின் பெட்டியில், வருகிற அலையின் பலத்தைக் காட்டுகிற ஊசி பெரும்பாலும் அதைத்தான் காட்டுகிறது. உங்கள் குரல் அந்த அலையை எவ்வளவு ஆழமாக அசைக்கிறது என்பதுதான் அவருடைய ஸ்பீக்கரில் சத்தமாக வருகிறது. இந்த அசைவுக்குத்தான் மாடுலேஷன் என்று பெயர்.

கணக்கு இப்படி: குரல் 30 சதவீதம் மட்டும் அசைத்தால், 4 வாட் கேரியரோடு போகும் குரலின் பங்கு 0.18 வாட். 100 சதவீதம் அசைத்தால் 2 வாட். ஒரே பெட்டி, ஒரே அன்டெனா, பதினொரு மடங்கு வித்தியாசம். மாறாக, கடைக்காரர் கேரியரை 4 வாட்டிலிருந்து 8 வாட்டுக்கு ஏற்றிக் கொடுத்தால் கிடைப்பது 3 டெசிபல். எதிரே உள்ளவர் மீட்டரில் அது அரைக் கோடு. அந்த அரைக் கோட்டுக்காகச் சட்டத்தை மீறி, பெட்டியைச் சூடாக்கி, ஐம்பது டாலரும் கொடுத்திருந்தேன்.

அப்படியானால் 100 சதவீதத்தையும் தாண்டிப் போனால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். அங்கேதான் என்னுடைய வாளிக் குரல் வந்தது. கேரியரை ஒரு தொட்டியில் உள்ள தண்ணீர் மட்டம் என்று வையுங்கள். குரல் அதில் அலை எழுப்புகிறது. அலை மேலே எழும்ப இடமிருக்கும், ஆனால் கீழே இறங்கும்போது தொட்டியின் அடியைத் தட்டிவிட்டால் அதற்குக் கீழே இறங்க இடமில்லை. அந்த இடத்தில் குரல் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட குரல் கரகரக்கும், பக்கத்துச் சேனல்களிலும் சிதறும். இதைத் தடுக்கத்தான் பெட்டிக்குள்ளேயே ஒரு லிமிட்டர் வைத்திருக்கிறார்கள். 'ட்யூன்' என்று சொல்லி முதலில் வெட்டி எறிவது அதைத்தான். சிலர் கேரியரை ஏற்றாமல், 1, 2 வாட்டுக்குக் குறைத்தும் விடுவார்கள். அப்போது விசிலடித்தால் ஊசி அடியிலிருந்து உச்சிக்குத் துள்ளும், பார்க்க வடிவாக இருக்கும். தொட்டியில் தண்ணீரைக் குறைத்துவிட்டுப் பெரிய அலை எழுப்புகிற வேலை அது.

அதனால் பழைய பெட்டி வாங்கும்போது விலையை விட முக்கியமாகக் கேட்க வேண்டியது, "இது ட்யூன் பண்ணினதா?" என்று. விற்பவர் பெருமையாக "ஓம், சூப்பரா பண்ணியிருக்கு" என்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். மூடியின் திருகாணித் தலைகள் தேய்ந்திருந்தாலும் யோசியுங்கள். குரலை எதிரொலிக்க வைக்கிற எக்கோ போர்ட், மைக்கை விடும்போது கீச்சிடும் பீப் இவையெல்லாம் வேடிக்கைச் சாமான்கள். தெளிவுக்கு எதிரி.

அடுத்தது மைக். பெட்டியோடு வருகிற மைக் பெரும்பாலும் பரவாயில்லை ரகம். கெய்னை முழுக்க வைத்தாலும் குரல் மெதுவாகப் போகிறது என்றால்தான் மாற்றுங்கள். ட்ரக்கில் உங்கள் குரலுக்கு முதல் போட்டி எஞ்சின் இரைச்சல். ஆகவே பேட்டரி போட்டுச் சத்தத்தைப் பெருக்குகிற பவர் மைக்கை விட, இரைச்சலை வெட்டுகிற நாய்ஸ் கான்சலிங் மைக் நல்லது. பவர் மைக் உங்கள் குரலோடு டீசல் எஞ்சினையும் ஹீட்டர் காற்றாடியையும் சேர்த்துப் பெருக்கிக் கொடுக்கும். ஆஸ்டாடிக் 636எல், ரோட்கிங் 56 இரண்டும் ட்ரக்காரர் மத்தியில் நன்றாக ஓடுகிற நாய்ஸ் கான்சலிங் மைக்குகள். நான் ரோட்கிங் வைத்திருக்கிறேன்.

இந்த மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் "காசு வீண்" என்று திட்டுபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். இதில் முன்னாலும் பின்னாலும் ஓட்டைகள் இருக்கும். தூரத்திலிருந்து வருகிற எஞ்சின் சத்தம் இரண்டு பக்கமும் ஒரே அளவாக நுழைந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கிட்ட இருந்து வருகிற குரல் மட்டும் முன்பக்கம் பலமாக விழும். ஆகவே உதட்டை ஏறக்குறைய முட்டுகிற அளவில் பிடிக்க வேண்டும். அரை அடி தள்ளிப் பிடித்தால் உங்கள் குரலையும் அது இரைச்சல் என்று நினைத்து அழித்துவிடும். பின் ஓட்டையை உள்ளங்கையால் பொத்தினால் அழிக்கிற வேலையே நடக்காது. சாதாரண மைக் என்றால் இரண்டு மூன்று விரற்கடை தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் வைத்துக் கதையுங்கள். 'ப', 'ட' வரும்போது காற்று நேரே அடிக்காது.

மைக் வாங்குமுன் அதன் பிளக்கில் எத்தனை பின் என்று பாருங்கள். கோப்ராவில் நான்கு பின் மைக். பெயார்காட் 880இல் ஆறு பின். நான்கு பின்னாக இருந்தாலும் எல்லாக் கம்பெனிக்கும் உள்ளே வயர் ஓடுகிற முறை ஒன்றல்ல. கோப்ராவுக்கு என்று வயர் பண்ணிய மைக்கைக் கேட்டு வாங்கினால் தலையிடி இல்லை.

அன்டெனாவைப் பற்றி இரண்டு நாள் கதைக்கலாம். இங்கே தேவையானதை மட்டும் சொல்கிறேன். எதிரே உள்ளவர் "ஊசி ஏறுது, குரல் இல்லை" என்றால் பிரச்சினை மைக்கில் அல்லது மாடுலேஷனில். "குரல் தெளிவு, ஆனா ஊசி அசையேல்லை, தூரமாக் கேக்குது" என்றால் பிரச்சினை அன்டெனாவில். இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல்தான் ஆட்கள் பெட்டிக்கு மேல் பெட்டி மாற்றுகிறார்கள். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் (அன்டெனாவுக்குப் போகாமல் எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று காட்டுவது) ஒன்று இரவல் வாங்குங்கள், கோப்ரா 29 என்றால் அதற்குள்ளேயே இருக்கிறது. 1ஆம் சேனலிலும் 40ஆம் சேனலிலும் அளந்து பாருங்கள். 40இல் அதிகமாகக் காட்டினால் அன்டெனா நீளம் கூடிவிட்டது, 1இல் அதிகமாகக் காட்டினால் நீளம் போதாது. இரண்டும் 1.5க்குக் கீழே வந்தால் அதோடு விட்டுவிடலாம். 3க்கு மேலே நின்றால் மைக்கை அழுத்தவே வேண்டாம், பெட்டியின் கடைசி ட்ரான்சிஸ்டர் (அன்டெனாவுக்குச் சக்தியை அனுப்புவது) போய்விடக்கூடும்.

கம்பெனி ட்ரக்கில் ஒரு விசயம் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு கண்ணாடிப் பக்கமும் இரண்டு அன்டெனா இருக்கும். அதில் ஒன்று மரக்கிளையில் அடிபட்டு முறிந்திருக்கும். "ஒன்று போதும்தானே" என்று நினைக்காதீர்கள். அந்தக் கேபிள் இரண்டு அன்டெனாவுக்கென்று கணக்குப் பார்த்துச் செய்தது. ஒன்று இல்லாவிட்டால் எஸ்.டபிள்யூ.ஆர். எகிறிவிடும். ஒன்றே போதும் என்றால், ஒற்றை அன்டெனாவுக்கான 50 ஓம் கேபிளைப் போட்டுக்கொள்ளுங்கள், தாராளமாகப் போதும். அன்டெனாத் தாங்கி ட்ரக்கின் உலோகத்தோடு ஒட்ட வேண்டும், இடையில் பெயின்ட் இருந்தால் சுரண்டிவிடுங்கள். இரண்டு அன்டெனாவையும் ஒன்பது அடி தள்ளி வைக்க முடிந்தால்தான் இரட்டைக்கு உரிய பலன் கிடைக்கும்.

மின்சாரத்தைச் சிகரெட் லைட்டரிலிருந்து எடுக்காதீர்கள். கதைக்கும்போது ஆல்டர்னேட்டரின் 'ஊ…' சத்தம் உங்கள் குரலோடு சேர்ந்து போகும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க அது ஏறும். அமெரிக்க ட்ரக்குகளில் தலைக்கு மேலே சிவப்பும் கறுப்புமாக இரண்டு முனைகள் சி.பி.க்கென்றே இருக்கும், அதில் கொடுங்கள். சொந்த வாகனம் என்றால் ஃபியூஸ் வைத்து நேரே பேட்டரி.

இன்னொன்று. 2021இல் அமெரிக்காவில் சி.பி.க்கு எஃப்.எம். முறையையும் அனுமதித்தார்கள். அதன் பிறகு ஏ.எம்., எஃப்.எம். இரண்டும் உள்ள கோப்ரா 29 போன்றவை வந்துவிட்டன. எஃப்.எம்.இல் குரல் உண்மையிலேயே துப்புரவாக இருக்கும், இரைச்சல் குறைவு. ஆனால் 19இல் நிற்கிற ஆட்கள் ஏ.எம்.இல் நிற்கிறார்கள். நீங்களும் உங்கள் நண்பரும் ஒன்றாக ஓடும்போது வேறு சேனலில் போய்க் கதைக்க நல்லது. அதற்காக மட்டும் கூடக் காசு கொடுப்பேனா என்றால், மாட்டேன்.

எனக்கு இப்போது இருப்பது அறுபது டாலருக்கு வாங்கின பழைய கோப்ரா 29. ஓய்வு பெற்ற ஒருவரிடமிருந்து வாங்கினேன். அவர் மூடியைக்கூடத் திறந்ததில்லை. ட்யூன் பண்ணின பெட்டி கராஜில் தூசி படிந்து கிடக்கிறது, விற்கவும் மனமில்லை. வாங்கிய அன்றிரவு, எனக்கு வாளிக் கதை சொன்ன அதே ஆளை யார்டிலிருந்து ஒரு மைல் தள்ளி நிற்கச் சொன்னேன். எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடிகளை ஏற்றி, மைக்கை அழுத்தி, ஒரு கணம் பொறுத்துவிட்டு ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணினேன். எண்ண எண்ணக் குமிழை மெதுவாகத் திருகினேன். 'கரகரக்குது' என்று அவர் சொன்ன இடத்திலிருந்து கொஞ்சம் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். மணிக்கூட்டில் இரண்டு மணி முள் நிற்கிற இடம். அந்த இடத்தில் மனைவியின் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன். கழுவித் துடைக்கும்போது குமிழ் அசைந்துவிட்டால் திரும்பவும் பொட்டுக்குக் கொண்டுவந்து விடுகிறேன்.